ஒன்பதாவதுலயே நீட் கோச்சிங் சேத்து விடணுமா சார்?

சார், பொண்ணு இப்பதான் ஒன்பதாவது, எதிர் வீட்டுப் பையன் ஏழாவதுலயே ஃபவுண்டேஷன் கோர்ஸ் சேந்துட்டான், நாம லேட் பண்ணிட்டோமான்னு கேட்டீங்க. ஒரு லேட்டும் இல்ல. ஆனா அடுத்து ஒண்ணு சொன்னீங்க பாருங்க, கவர்மெண்ட் ஸ்கூல்ல இருந்து டிசி வாங்கி கோச்சிங்கோட இருக்குற பிரைவேட் ஹாஸ்டல் ஸ்கூல்ல போடப் போறேன்னு, அங்கதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்ச புள்ளைங்களுக்குத்தான் மெடிக்கல்ல 7.5 சதவீத ஒதுக்கீடு. 2020ல வந்தது, அடுத்த வருஷமே இன்ஜினியரிங், அக்ரி, லா எல்லாத்துக்கும் வந்துருச்சு. அதுல சீட்டு கெடைக்குற மார்க் பொது கவுன்சலிங்கவிட நல்லாவே கம்மி. சீக்கிரம் ஆரம்பிக்கிறேன்னு கைல இருக்குறத லட்ச ரூவா ஃபீஸ் கட்டித் தொலைக்கணுமா?

இன்னொண்ணு, டாக்டர் இல்லன்னா இன்ஜினியர்னு சொன்னீங்க. இன்ஜினியரிங்க்கு நம்ம ஊர்ல என்ட்ரன்ஸே கிடையாது சார், பிளஸ் டூ மேத்ஸ் 100க்கு, பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி ஆளுக்கு 50க்கு, மொத்தம் 200 கட் ஆஃப், கிண்டி காலேஜுக்கும் அதேதான். ஐஐடி, திருச்சி என்ஐடி வேணும்னாதான் ஜேஇஇங்கிற என்ட்ரன்ஸ். அதுல ஒரு சிக்கல், மெயின் எக்ஸாம் முதல் ரவுண்டு ஜனவரியிலயே வந்துரும், பப்ளிக்குக்கு முன்னாடி, அதனால பதினொண்ணாவது ஜூன் மாசமே சீரியஸா எறங்கணும். ரெண்டு கதவும் தெறந்திருக்கணும்னா பயோ-மேத்ஸ் குரூப் எடுக்கச் சொல்லுங்க.

சரி, நீட்டுக்கு வருவோம். 180 கேள்வி, 180 நிமிஷம், 720 மார்க், ஒண்ணு தப்பாப் போட்டா ஒரு மார்க் போகும். கேள்வியப் படிச்சு, கணக்குப் போட்டு, ஓஎம்ஆர்ல வட்டத்த கறுப்பாக்குறது எல்லாம் சேத்து ஒரு நிமிஷம், கால்குலேட்டர் கெடையாது. பயோல 90 கேள்வி, அத நம்ம புள்ளைங்க மனப்பாடம் பண்ணியாவது ஓரளவு எடுத்துருவாங்க, அடி வாங்குறது பிசிக்ஸ்லதான், அதுவும் பிசிக்ஸ் தெரியாம இல்ல, பின்னம், தசமம், பத்தின் அடுக்கு இதெல்லாம் கை ஓடாம. அதனால ஒன்பதாவது பத்தாவதுல பண்ண வேண்டியது இவ்ளோதான், மேத்ஸ ஒழுங்காப் படிக்கட்டும், போன் எடுக்காம பேப்பர்ல கணக்குப் போட்டுப் பழகட்டும். அதுக்கு மேல எந்த கோர்ஸும் வேணாம்.

உண்மையான ஆரம்பம் பதினொண்ணாவது முதல் நாள். நீட்ல கிட்டத்தட்ட பாதி கேள்வி அந்த வருஷப் பாடத்துல இருந்துதான் வருது, ஆனா பேருக்கு நடத்திட்டு பன்னெண்டாவது புக்குக்கு ஓடுற ஸ்கூல் எத்தனை, இப்ப பதினொண்ணாவது பப்ளிக்கையும் எடுத்துட்டாங்க, கேக்கவே வேணாம். ஸ்கூல் ஓட்டினாலும் நீங்க விடாதீங்க. ஒரு சாப்டர் முடிஞ்சா அந்த வார கடைசியிலயே அந்த சாப்டர்ல இருந்து பழைய நீட் கேள்வி முப்பது நாப்பது போட்டுப் பாக்கட்டும். என்சிஇஆர்டி புக்கும், அதான் சிபிஎஸ்இ புள்ளைங்க படிக்கிற புக்கு, பக்கத்துல இருக்கட்டும், நெட்ல ஃப்ரீயாவே கெடைக்குது.

நீட் மாதிரியே முழுசா எழுதிப் பாக்குற ஃபுல் மாக் டெஸ்ட் மட்டும் இப்ப வேணாம் சார். என்கிட்ட வந்த ஒரு பொண்ணு, பத்தாவதுலயே ஞாயித்துக்கிழமையானா மூணு மணி நேரம் எழுத வெச்சிருக்காங்க, நடத்தாத பாடத்துல பரிச்ச, 150 160ன்னு மார்க் வந்து வந்து, நான் மக்குன்னு அதுவே முடிவு பண்ணிருச்சு, பயாலஜி புக்கத் தொடவே மாட்டேன்னு அழுதது இன்னும் ஞாபகம் இருக்கு. முழு டெஸ்ட் பன்னெண்டாவது அரையாண்டு முடிஞ்சப்புறம் ஆரம்பிச்சாப் போதும். முதல்ல ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, பப்ளிக் முடிஞ்சு மே மாசம் நீட் வரைக்கும் அஞ்சாறு வாரம் இருக்கும், அப்ப வாரம் ரெண்டு மூணு. காலையில எழுத வெக்காதீங்க, நீட் நடக்குறது மதியம் 2 டு 5, சாப்ட்டுட்டு கண்ணு சொக்குற நேரம், அந்த நேரத்துலயே உக்காந்து பழகணும். எழுதின மறுநாள் புது டெஸ்ட் வேணாம், தப்பான கேள்வி ஒவ்வொண்ணும் தெரியாம போச்சா, அவசரத்துல போச்சா, கணக்குல கோட்ட விட்டுச்சான்னு ஒரு நோட்டுல எழுதட்டும். நீட் தமிழ்லயும் எழுதலாம், எந்த மீடியம்னு பதினொண்ணாவதுலயே முடிவு பண்ணிருங்க.

இப்போதைக்கு டிசி மட்டும் வாங்கிறாதீங்க. அந்த ஹாஸ்டல் ஸ்கூலுக்கு அட்வான்ஸ் கட்டிட்டீங்கன்னா சொல்லுங்க, எப்படித் திரும்பக் கேக்குறதுன்னு பாப்போம்.