பங்களாவை இடிக்க அவசரப்படாதீர்கள்

பிரபலமானவர்கள் யாரும் வாழாததால் உங்கள் புறநகர்ச் செங்கல் பங்களாவுக்குப் பாரம்பரிய மதிப்பு கிடையாது, இடித்துவிடலாம் என்று ஒப்பந்தக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆளை வைத்து மட்டும் மதிப்பிடுவதில்லை. கட்டிய முறை, அந்தக் காலத்து வேலை எவ்வளவு மாறாமல் மிஞ்சியிருக்கிறது, தெருவோடு வீடு எப்படிப் பொருந்துகிறது, எல்லாமே கணக்கில் வரும்.

சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஒரே வரிசையில் செங்கல்லின் நீளப் பக்கமும் குட்டைப் பக்கமும் மாறி மாறித் தெரிந்தால் அது ஃபிளெமிஷ் பாண்டு என்ற அடுக்கு முறை. இன்று அப்படி அடுக்கும் கொத்தனார்கள் குறைவு. இடுக்கிலுள்ள சாந்தை நகத்தால் கீறுங்கள். மாவு போல உதிர்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்து.

அடிச்சுவர் உதிர்வதைக் காட்டி வீடே போய்விட்டது என்கிறாரே ஒப்பந்தக்காரர், அதுதான் எனக்கு வருத்தம். பிற்பாடு யாரோ அங்கே சிமென்ட் பாயிண்டிங் செய்ததாக, அதாவது செங்கல் இடுக்குகளில் சிமென்ட் வைத்துப் பூசியதாக, நீங்களே சொல்கிறீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும்; சிமென்ட் அடைத்துவிடும். அப்போது ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறும், உப்புப் பூத்து, செங்கல்லின் முகம் தோல் தோலாக உரியும். சிமென்ட்டைக் கவனமாகச் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்புச் சாந்து வைத்தால் இப்படிப்பட்ட சுவர்கள் பல தேறிவிடும்.

அப்புறம், பழைய ஜன்னல், கதவு எதையும் இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். பழைய கட்டடங்களைப் புதுப்பித்த அனுபவமுள்ள ஒருவரிடம் முதலில் காட்டுங்கள்.