பாட்டி, உங்களுக்கு எவ்வளவு ரோமம்!

அன்புள்ள ஐயா,

போன வாரம் என் மகளுக்கு (ஏழு வயது) சிவப்புக் குல்லாய்ச் சிறுமி கதையைப் படித்துக் காட்டினேன். வேடன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழிக்கும் வடிவம் இல்லை, அதற்கு முந்தைய பிரெஞ்சு வடிவம், பெரோ எழுதியது. ஓநாய் சிறுமியைத் தின்றுவிடுகிறது, கதை முடிந்தது. "அப்புறம்?" என்றாள் மகள். அப்புறம் ஒன்றுமே இல்லை. நான் போன கதைசொல்லல் பயிற்சியில் சிக்கல், உச்சம், தீர்வு என்று சொல்லித் தந்தார்கள். இதில் தீர்வைக் காணோம். பிரெஞ்சு நாட்டுப்புறக் கதைகளுக்குக் கட்டமைப்பு என்று ஒன்று கிடையாதா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

இருக்கிறது. அதை நீங்கள் கதையின் வாலில் தேடுகிறீர்கள், அது இருப்பது வயிற்றில்.

சார்ல் பெரோ 1697இல் தன் கதைகளை வெளியிட்டது மேட்டுக்குடி வாசகர்களுக்காக. கிராமத்தில் இதே கதையை எப்படிச் சொன்னார்கள் என்று பார்க்க வேண்டுமானால், 1885 வாக்கில் நடு பிரான்சின் நிவெர்னே பகுதியில் நாட்டுப்புறக் கதை சேகரித்த அஷீல் மிலியென் எழுதிவைத்த வடிவத்தைத்தான் எடுக்க வேண்டும். பெரோவுக்கு ஏறக்குறைய இருநூறு வருஷம் பிந்திய பதிவுதான். ஆனாலும் பெரோ தொடாத பல விஷயங்கள் அதில் அப்படியே கிடக்கின்றன.

அதில் சிவப்புக் குல்லாயே இல்லை. ரொட்டி சுட்ட ஒரு தாய், சூடாக ஒரு ரொட்டியும் ஒரு போத்தல் பாலும் கொடுத்து மகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்புகிறாள். வழியில் ஓநாய் மனிதன் நிற்கிறான். "எந்தப் பாதையில் போகிறாய்? ஊசிப் பாதையிலா, குண்டூசிப் பாதையிலா?" ஊசிப் பாதை என்கிறாள். அவன் மற்றதில் ஓடி முந்திக்கொள்கிறான். பாட்டியைக் கொன்று, இறைச்சியைப் பெட்டியிலும் இரத்தத்தைப் போத்தலிலும் வைத்துவிட்டுப் படுக்கையில் காத்திருக்கிறான். அவள் வந்ததும் "சாப்பிடு" என்கிறான். அவளும் சாப்பிடுகிறாள். பக்கத்திலிருந்த பூனை, பாட்டியின் சதையைத் தின்று இரத்தத்தைக் குடிக்கிறாளே என்று திட்டுகிறது. (அது பயன்படுத்தும் வசவை இங்கே எழுத மாட்டேன்.)

இதற்குப் பிறகு வருவதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். "உடையைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் படு" என்கிறான். ஏப்ரனை எங்கே வைக்க? நெருப்பில் போடு, இனி உனக்கு அது வேண்டாம். ரவிக்கையை? நெருப்பில் போடு, இனி உனக்கு அது வேண்டாம். கவுன், உள்பாவாடை, காலுறை என்று ஒவ்வொன்றுக்கும் அதே கேள்வி, அதே பதில். பெரோவில் இது ஒரே வாக்கியம்: அவள் உடை களைந்து படுத்தாள், அவ்வளவுதான்.

படுத்ததும் அடுத்த அடுக்கு. பாட்டி, உங்களுக்கு எவ்வளவு ரோமம்! குளிர் காயத்தான் குழந்தே. எவ்வளவு பெரிய நகம்! சொறிந்துகொள்ளத்தான். எவ்வளவு பெரிய தோள்! விறகுக் கட்டைச் சுமக்கத்தான். எவ்வளவு பெரிய மூக்குத் துவாரம்! பொடி போடத்தான். எவ்வளவு பெரிய வாய்! உன்னைத் தின்னத்தான்.

விறகும் மூக்குப்பொடியும் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ஒரு நிஜக் கிழவியின் அன்றாடம் வரிசையாக வந்துகொண்டிருக்கும்போதே வாய் திறந்துவிடுகிறது.

நான் கட்டமைப்பு என்று சொல்வது இந்த ஏணியைத்தான். கேள்வியும் பதிலும் ஒரே அச்சில் திரும்பத் திரும்ப வரும், நடுவில் ஒரு சொல் மட்டும் மாறும். எழுத்தைப் பார்க்காமல் சொல்கிறவளுக்கு இது ஞாபகத்துக்குப் பிடிமானம். படிகளைக் கூட்டலாம், குறைக்கலாம். குளிர்கால இரவுகளில் 'வெய்யே' என்று அக்கம்பக்கத்தார் ஒரே வீட்டில் கூடி நூல் நூற்றார்கள், சணல் உரித்தார்கள், வால்நட் உடைத்தார்கள், கதையும் கேட்டார்கள். கை வேலையில் இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். பிரெஞ்சு மாலுமிகளிடையே கதைசொல்கிறவன் "க்ரிக்!" என்பான், கேட்கிறவர்கள் "க்ராக்!" என்று கத்த வேண்டும், தூங்கிவிடவில்லை என்று காட்ட. நாம் உம் கொட்டுவது மாதிரி. இரண்டாவது படியிலேயே பதில் என்னவென்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடும், அவர்களும் சேர்ந்து சொல்வார்கள்.

முடிவோ இந்தக் கதையின் தளர்ந்த உறுப்பு. சில வாய்மொழி வடிவங்களில் ஓநாய் தின்றுவிடுகிறது, ஆகவே பெரோமீது முழுப்பழியும் போட முடியாது. மிலியெனின் வடிவத்தில் சிறுமி தப்பிக்கிறாள். "பாட்டி, வெளியே போக வேண்டும்." "படுக்கையிலேயே போ." "முடியாது பாட்டி." காலில் கம்பளிக் கயிறு கட்டி அனுப்புகிறான். அவள் அதை முற்றத்துப் பிளம் மரத்தில் கட்டிவிட்டு ஓடுகிறாள். உள்ளிருந்து அவன், "அங்கே என்ன, கயிறு திரிக்கிறாயா?" பதில் இல்லை. துரத்தி வருகிறான், அவள் வீட்டுக்குள் நுழையும் நேரத்தில் வந்து சேர்கிறான். முடிந்தது. வேடனும் இல்லை, பெரோ கடைசியில் செய்யுளில் ஒட்டவைத்த நீதியும் இல்லை.

ஊசி, குண்டூசிக்கு என்ன பொருள் என்று கேட்பீர்கள். ஈவோன் வெர்டியே என்ற இனவரைவியலாளர், பெண்பிள்ளைகள் பருவமடையும் வயதில் தையல்காரியிடம் அனுப்பப்பட்ட வழக்கத்தோடு அதை இணைத்துப் படித்தார். பாட்டியைத் தின்பதும் அவருடைய அந்த விளக்கத்தில் அடங்கும்: பேத்தி பாட்டியின் இடத்துக்கு வருகிறாள். அழகான வாசிப்பு. எனக்குப் பாதி சம்மதம்.

உங்கள் பயிற்சியாளர்கள் சொன்ன மாதிரிக் கதைகளும் பிரான்சில் உண்டு. 'கரடியின் ழான்' அப்படிப்பட்டது. கரடிக்குப் பிறந்தவன், இரும்புத் தடி, இரண்டு பலசாலிக் கூட்டாளிகள், பாதாளத்தில் இளவரசிகள், கூட்டாளிகளின் துரோகம், கடைசியில் கல்யாணம். ரஷ்யக் கதைகளை வைத்து 1928இல் ஆய்வாளர் விளாதிமீர் ப்ராப் பட்டியலிட்ட, கதைக்குக் கதை திரும்ப வரும் 31 செயல்களில் பலவற்றை அதில் டிக் அடித்துக்கொண்டே போகலாம். ஆனால் கேட்கிறவர் மூச்சைப் பிடிக்கும் இடம் வேறு. பாதாளத்திலிருந்து கழுகின் முதுகில் ஏறி வருகிறான். கழுகு கத்தும்போதெல்லாம் ஒரு துண்டு இறைச்சி போடுகிறான். மறுபடி கத்தும், மறுபடி போடுவான். மேலே வெளிச்சம் தெரியும்போது இறைச்சி தீர்ந்துவிடுகிறது. தன் தொடையிலிருந்தே ஒரு துண்டு அறுத்துக் கொடுக்கிறான். இங்கேயும் அதே ஏணிதான், கடைசிப் படி மட்டும் அவன் உடம்பு.

அடுத்த முறை மகளுக்குப் பிளம் மரத்துக் கதையைச் சொல்லிப் பாருங்கள். பூனையை வைத்துக்கொள்வதா விடுவதா என்பது உங்கள் பாடு. ஏப்ரனிலிருந்து காலுறை வரை அவசரப்படாமல் போங்கள், மூன்றாவது துணியில் நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே "நெருப்பில் போடு" என்பாள்.