அக்குள் கட்டியும் தாடிக் கொப்புளமும்

கே: வயது 29. இரண்டு அக்குளிலும் தொடை இடுக்கிலும் நான்கு ஆண்டுகளாகக் கட்டி. கீறிச் சீழ் எடுத்தாலும் இரண்டு மாதத்தில் அதே இடத்தில் திரும்ப வருகிறது. மாம்பழத்தை நிறுத்தச் சொல்கிறார் மாமியார். (வாசகி, அம்மாப்பேட்டை)

ப: மார்கழியிலும் வரும் கட்டிக்கு மாம்பழம் எப்படிப் பொறுப்பாகும்? சேலத்துக்காரர்கள் பாவம், எந்தக் கட்டிக்கும் முதல் பழி அதன் மேல்தான்.

நீங்கள் சொல்வது ஹைட்ராடெனைட்டிஸ் சப்புரட்டிவா போலிருக்கிறது. பெயரில் வியர்வைச் சுரப்பி இருந்தாலும் கோளாறு தொடங்குவது மயிர்க்காலில். அதன் வாய் அடைபட்டு, உள்ளே வீங்கி, தோலுக்கடியில் வெடிக்கிறது. கட்டியின் தன்மை, வரும் இடம், ஆறு மாதத்தில் இரண்டு முறையாவது திரும்புவது ஆகிய மூன்றும் பொருந்தினால் நோயை உறுதி செய்யலாம். பயாப்ஸி (தோல் துண்டு எடுத்துச் சோதிப்பது) பெரும்பாலும் தேவைப்படாது. இரட்டை வாய் கொண்ட கரும்புள்ளிகள், கட்டிகளை இணைக்கும் சுரங்கம், தழும்பு ஆகியவற்றையும் மருத்துவர் தேடுவார்.

பழைய சீட்டுகளில் எல்02 என்று இருக்கிறதா பாருங்கள். அது சாதாரணச் சீழ்க்கட்டிக்கான ஐசிடி-10 (நோய்களுக்கான சர்வதேச வகைப்பாடு) குறியீடு. உங்களுடையது உறுதியானால் எல்73.2. ஒவ்வொரு முறையும் தனிக் கட்டியாக எழுதினால், ஒவ்வொரு முறையும் கீறி அனுப்பிவிடுவார்கள். தொடர் சிகிச்சை தொடங்கவே தொடங்காது. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் முதல், அழற்சியைத் தணிக்கும் அடாலிமுமாப் ஊசி வரை மருந்துகள் உண்டு. எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது உதவும். இது ஒட்டுவாரொட்டி அல்ல, சுத்தக்குறைவால் வருவதும் அல்ல. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்.

கே: மருத்துவக் குறியீட்டுப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். சீட்டில் 'ஃபாலிகுலைட்டிஸ், தாடி' என்று மட்டும் இருந்தால்? (ஐந்து ரோடு)

ப: ஃபாலிகுலைட்டிஸ் என்றால் மயிர்க்கால் அழற்சி; எந்த வகை என்று அதில் தெரியாது. ஊகிக்காதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள். சவரம் செய்த முடி சுருண்டு தோலுக்குள் புகுந்ததென்றால் எல்73.1. சைகோசிஸ் பார்பே (தாடி மயிர்க்காலில் ஆழமான பாக்டீரியா தொற்று) என்றால் எல்73.8. தாடியில் படர்தாமரை என்றால் பி35.0, அது வேறு அத்தியாயமே. பதில் கிடைக்காவிட்டால்தான் எல்73.9. 'தாடி' என்ற சொல்லை மட்டும் பார்த்து எல்73.1 போடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

கே: நெஞ்சிலும் முதுகிலும் ஒரே அளவில் அரிக்கும் பருக்கள். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டபின் கூடிவிட்டன. (காப்பித் தோட்டத் தொழிலாளி, ஏற்காடு)

ப: கூடியதே நல்ல துப்பு. மலசீசியா என்ற பூஞ்சையாக இருக்கலாம். பாக்டீரியா குறைந்தால் அதற்குக் கொண்டாட்டம். பருவைச் சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியும். குளிருக்குப் போட்ட ஸ்வெட்டருக்குள் வியர்த்தபடி வேலை செய்தால் அதற்கு இன்னும் வசதி. பூஞ்சை மருந்து கேளும்.

கே: எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு தொடையெல்லாம் சீழ்க்கொப்புளம். (செவ்வாய்ப்பேட்டை)

ப: எண்ணெயைத் தலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் நேரில் காட்டுங்கள்.