பக்கத்து ஊர்களை இணைத்து ஒரே உள்ளாட்சி ஆக்கலாமா? கடற்கரை ஊர்களின் கேள்விகளும் பதில்களும்

இராமநாதபுரம் மாவட்டத்தில் நான்கு நகராட்சிகளும் ஏழு பேரூராட்சிகளும் நானூறுக்கு மேற்பட்ட ஊராட்சிகளும் இருக்கின்றன. இவற்றுள் அடுத்தடுத்து இருப்பவற்றை ஒன்றாக்கலாமா என்று கடற்கரை ஊர்க்காரர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். பேரூராட்சியிலும் நகராட்சியிலும் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

பட்டணம்காத்தான், பள்ளி ஆசிரியை: ஐயா, ஆட்சியர் அலுவலகமே எங்கள் பக்கம்தான் இருக்கிறது. ஆனாலும் நாங்கள் ஊராட்சி. இராமநாதபுரம் நகராட்சியோடு இணைவது எங்களுக்கு நல்லதா?

நல்லது என்றே கருதுகிறேன் அம்மா. இந்தக் கடற்கரையில் தயக்கமின்றி இணைக்கலாம் என்று நான் சொல்லக்கூடிய இடங்களில் உங்கள் ஊரும் சக்கரக்கோட்டையும் முதலில் வரும். ஓர் இடம் ஊராட்சியா, பேரூராட்சியா, நகராட்சியா என்று முடிவு செய்யும்போது மக்கள்தொகை, குடியிருப்பு நெருக்கம், உள்ளாட்சிக்குக் கிடைக்கும் வருவாய், வேளாண்மை அல்லாத தொழில் செய்வோரின் விழுக்காடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243கியூ பிரிவு சொல்கிறது. இந்த அளவுகோல்களில் எதை வைத்துப் பார்த்தாலும் பட்டணம்காத்தான் இன்று நகரத்தின் தொடர்ச்சிதான்.

பிரிந்திருப்பதால் வரும் கேட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் பணியாற்றிய ஓர் ஊரில் ஊரணி நகராட்சி எல்லைக்குள் இருந்தது. அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயோ ஊராட்சி எல்லைக்குள் இருந்தது. கால்வாயைத் தூர்வார நகராட்சியால் பணம் செலவிட முடியவில்லை, ஏனென்றால் அது தன் எல்லைக்கு வெளியே கிடந்தது. ஊராட்சிக்கும் அதில் அக்கறை இல்லை, ஏனென்றால் ஊரணித் தண்ணீர் அவர்களுக்குப் பயன்படவில்லை. கோப்பு இரண்டு அலுவலகங்களுக்கு இடையே அலைந்துகொண்டிருந்தபோதே கால்வாயின் மேல் வீடுகள் எழுந்துவிட்டன. மழையை நம்பி ஊரணியும் கண்மாயும் வெட்டி வாழ்ந்த மாவட்டத்தில், நீர் வரும் வழியும் நீர் தேங்கும் இடமும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருப்பதுதான் முறை.

ஒன்றை மட்டும் வற்புறுத்துங்கள். இணைப்புக்கு முன்பே கழிவுநீர் எங்கே போகும் என்பதற்கு எழுத்துமூலமான திட்டம் வேண்டும். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு 42 உள்ளாட்சிகள் சேர்ந்து, 174 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 426 ஆக விரிந்தது. அப்போது சேர்ந்த பகுதிகளில் பாதாளச் சாக்கடைப் பணி பத்தாண்டு கழிந்தும் முழுமை பெறவில்லை. சக்கரக்கோட்டைக் கண்மாய் பறவைகள் சரணாலயம் என்பதையும் மறக்க வேண்டாம். நகரத்தின் சாக்கடை அதில் கலக்க ஒருநாளும் இடம் கொடுக்கக் கூடாது.

கீழக்கரை, வணிகர்: அஸ்ஸலாமு அலைக்கும். இராமநாதபுரம், கீழக்கரை, இராமேசுவரம் மூன்றையும் சேர்த்துத் தூத்துக்குடியைப் போல ஒரு மாநகராட்சி ஆக்கினால் மாவட்டத்துக்கே மதிப்பு கூடும் அல்லவா?

வ அலைக்கும் ஸலாம். உங்கள் விருப்பத்தின் நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதை நான் ஏற்கவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி இராமநாதபுரத்தில் ஏறத்தாழ 61 ஆயிரம், இராமேசுவரத்தில் 45 ஆயிரம், கீழக்கரையில் 38 ஆயிரம் மக்கள் இருந்தார்கள். கூட்டினால் ஒன்றரை இலட்சத்தை எட்டவில்லை. அதைவிடப் பெரிய தடை தொலைவு. இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். நடுவில் பனங்காடும் கண்மாயும் ஊராட்சிகளும் கடலும் இருக்கின்றன.

2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது இணைந்த ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் தெருவோடு தெரு ஒட்டியவை. 2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோதும் கோட்டையூர், கண்டனூர் போன்ற பக்கத்து ஊர்களைத்தான் சேர்த்தார்கள். கீழக்கரையில் ஒரு கட்டட அனுமதிக்கு இராமேசுவரத்துக்கும், இராமேசுவரத்தில் ஒரு குழாய் உடைப்புக்கு இராமநாதபுரத்துக்கும் மனு போடும் நிலையை மதிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கீழக்கரை தன் பக்கத்திலுள்ள குடியிருப்புகளோடு சேர்ந்து வளர்வது வேறு; பெயர்ப்பலகைக்காக மூன்று நகரங்களை ஒட்டவைப்பது வேறு.

தங்கச்சிமடம், விசைப்படகு மீனவர்: எங்கள் தீவில் இராமேசுவரம் நகராட்சி, தங்கச்சிமடம் ஊராட்சி, பாம்பன் ஊராட்சி என்று மூன்று இருக்கிறது. ஒரே தீவுக்கு மூன்று நிர்வாகம் எதற்கு அண்ணாச்சி? ஆனால் சேர்ந்தால் எங்களை ஓரங்கட்டிவிடுவார்கள் என்று பயமாகவும் இருக்கிறது.

வந்த கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான் தம்பி. இணைப்புக்கான நியாயமும் உங்கள் அச்சமும் இரண்டுமே உண்மையானவை.

நியாயத்தை முதலில் சொல்கிறேன். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வரும் பேருந்துகளும் வேன்களும் பாம்பன் பாலத்தைக் கடந்து உங்கள் ஊர்ச் சாலை வழியாகத்தான் இராமேசுவரம் போகின்றன. வழியெல்லாம் விழும் குப்பை உங்கள் ஊராட்சித் தூய்மைக் காவலர்களின் தலையில் சேர்கிறது; தங்கும் விடுதிகளின் சொத்து வரியும் கடைகளின் வாடகையும் நகராட்சிக்குப் போகின்றன. வருவாய் ஓரிடத்திலும் சுமை வேறிடத்திலும் இருப்பதை நீக்க இணைப்பு ஒரு வழி. தண்ணீரும் அப்படித்தான். மணலுக்கடியில் உப்புநீரின் மேல் தங்கும் நன்னீரை ஓரிடத்தில் அளவுக்கு மீறி இறைத்தால் சுற்றியுள்ள கிணறுகளும் உவர்க்கும். அந்த நீரைக் காக்கும் விதியை மூன்று அலுவலகங்கள் தனித்தனியே எழுத முடியாது.

உங்கள் அச்சத்துக்கு விடை தேடும்போது இன்னொரு தீவு நினைவுக்கு வருகிறது. கனடாவின் மான்ட்ரியல் நகரம் ஒரு தீவில் இருக்கிறது. 2002 ஜனவரி 1 அன்று அத்தீவின் எல்லா நகராட்சிகளையும் மாகாண அரசு ஒன்றாக்கியது. மக்களைக் கேட்காமல் செய்த இணைப்பு என்று எதிர்ப்பு வலுத்ததால் 2004-இல் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 2006 ஜனவரி 1 அன்று 15 ஊர்கள் மீண்டும் தனி நகராட்சிகளாகப் பிரிந்தன. பிரிந்த பிறகும் காவல், தீயணைப்பு, குடிநீர் போன்றவை தீவு முழுவதற்குமான ஒரு கூட்டு மன்றத்திடமே இருக்கின்றன. அந்த மன்றத்தில் பெரிய நகரத்தின் வாக்கே மேலோங்குவதால், பணம் கட்டுகிறோம், பேச்சுரிமை இல்லை என்று சிறிய ஊர்கள் இன்றும் குறைப்படுகின்றன. கேட்காமல் சேர்த்ததால் வந்த மனவருத்தம் பிரித்த பிறகும் தீரவில்லை.

ஆகவே தீவை ஒன்றாக்கலாம், ஆனால் உங்கள் ஊரின் ஒப்புதலோடும் நிபந்தனைகளோடும் ஆக்க வேண்டும் என்பது என் கருத்து. வரி கட்டவும் பிறப்பு இறப்புப் பதிவு செய்யவும் குழாய்ப் புகார் கொடுக்கவும் தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் கிளை அலுவலகம் இருக்க வேண்டும். மீனவர் குடியிருப்புகளைத் துண்டாக்காமல் வார்டு பிரிக்க வேண்டும். இன்று ஊராட்சித் தலைவரை நீங்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள். நகராட்சித் தலைவரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்பதால், வார்டு எல்லை எப்படி வரையப்படுகிறது என்பதில்தான் உங்கள் ஊரின் குரல் அடங்கியிருக்கிறது. வார்டு மறுவரையறை வரைவு வெளியாகும் நாளில் வரைபடத்தை வாங்கி ஊர்க்கூட்டத்தில் விரித்துப் பாருங்கள்.

பாம்பன், கருவாட்டுத் தொழில் செய்யும் பெண்: நகராட்சி ஆகிவிட்டால் கரையில் மீன் காயவைக்கிற இடத்தையும் வலை போடுகிற இடத்தையும் ஓட்டல்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்கிறார்களே, உண்மையா?

இணைப்பு நடந்த மறுநாளே அப்படி நடக்காது அம்மா. ஆனால் கவனமாக இருக்க வேண்டிய விஷயம்தான். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் கரையைப் பிரிக்கும்போது, ஏற்கெனவே நகராட்சி எல்லைக்குள் கட்டடங்கள் நிறைந்த பகுதியை இரண்டாம் வகை என்றும், ஊரகக் கரையை மூன்றாம் வகை என்றும் வைக்கின்றன. மூன்றாம் வகையில் அலை ஏறும் எல்லையிலிருந்து குறிப்பிட்ட தொலைவு வரை புதிய கட்டடம் எழுப்பத் தடை உண்டு. இரண்டாம் வகையில் கட்டுப்பாடு தளர்வானது. உள்ளாட்சியின் பெயர் மாறுவதாலேயே வகை மாறிவிடாது. மாவட்டக் கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடத்தைத் திருத்தினால்தான் மாறும். அந்த வரைபடத்தில் உங்கள் காய்களமும் வலைக்களமும் படகு ஏற்றும் இடமும் பொதுப் பயன்பாட்டு இடங்களாகக் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். குறிக்கப்படாத இடம் காகிதத்தில் வெற்றிடமாகத்தான் தெரியும். வழக்கு என்று வந்தால் காகிதம்தான் பேசும்.

ஏர்வாடி, விவசாயத் தொழிலாளி: நூறு நாள் வேலை போய்விடுமா?

போய்விடும். அது ஊரகப் பகுதிக்கான வேலை உறுதித் திட்டம். நகராட்சி எல்லைக்குள் வந்த ஊருக்குப் பொருந்தாது. தமிழகத்தில் இணைப்புக்கு எதிராகப் பெண்கள் பெருந்திரளாகத் தெருவுக்கு வந்ததற்கு இதுவே முதன்மையான காரணம். விதவைகளும் வயதானவர்களும் அந்தக் கூலியை வைத்து மருந்து வாங்குகிற வீடுகளை நான் அறிவேன். அந்த வேலைக்குப் போகும் குடும்பங்கள் அதிகமாக உள்ள ஊராட்சியை, நகரத்தை ஒட்டி நான்கு தெருக்கள் வளர்ந்துவிட்டன என்பதற்காக முழுவதுமாக விழுங்குவது தவறு. தேவையானால் அந்த நான்கு தெருக்களை மட்டும் நகராட்சியில் சேர்க்கலாம்.

தொண்டி, பட்டதாரி இளைஞர்: சிறிய உள்ளாட்சிகளை இணைத்தால் செலவு குறையும் என்பது பொருளாதாரப்படி சரிதானே? வெளிநாடுகளில் செய்திருக்கிறார்களே?

செய்திருக்கிறார்கள். ஜப்பானில் 1999-இல் 3,200-க்கு மேல் இருந்த நகராட்சிகளும் கிராமங்களும் 2010-க்குள் ஏறத்தாழ 1,700 ஆகக் குறைந்தன. மக்கள்தொகை சுருங்கி முதியோர் பெருகிய நாட்டில், இணையும் ஊர்களுக்குச் சிறப்புக் கடன் வசதி தந்து அரசு இதை ஊக்குவித்தது. டென்மார்க் 2007-இல் 271 நகராட்சிகளை 98 ஆக்கியது. இந்த டென்மார்க் அனுபவத்தை ஆய்வாளர்கள் நுணுக்கமாக அளந்து பார்த்தார்கள். அலுவலக நிர்வாகச் செலவு ஓரளவு குறைந்தது. சில பணிகளில் செலவு கூடியது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே சீரான சிக்கனம் தென்படவில்லை. ஊர் பெரிதானபோது, உள்ளூர் அரசியல் தனக்குப் புரிகிறது, அதில் தன்னால் பங்கெடுக்க முடியும் என்ற நம்பிக்கை மக்களிடம் குறைந்தது என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. குழாய் பதிப்பதிலும் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பதிலும் அளவு பெரிதானால் செலவு குறையும். தெருக் கூட்டுவதிலும் விளக்கு மாற்றுவதிலும் குறையாது; அந்த வேலைக்கு ஆள்தான் வேண்டும், இணைத்தாலும் அதே தெருக்கள்தான். அதோடு, இணையும்போது குறைந்த ஊதியம் பெற்ற பணியாளருக்கு அதிக ஊதியம் பெறுபவரோடு சமநிலை தர வேண்டியிருக்கும். தர வேண்டியது நியாயமும்கூட. சிக்கனத்தைக் காட்டி இணைப்பை விற்கிறவர்களிடம் எந்தப் பணியில் எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள்.

உச்சிப்புளி, மளிகைக் கடைக்காரர்: வரி எவ்வளவு கூடும்?

வீட்டின் அளவையும் தெருவின் மதிப்பையும் பொறுத்தது என்பதால் ஒரே எண்ணாகச் சொல்ல இயலாது. ஊராட்சி வீட்டு வரியைவிட நகராட்சிச் சொத்து வரி கூடுதல் என்பது உறுதி. 2022-இல் நகராட்சிகளின் சொத்து வரியை உயர்த்தியபோது 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடும், 1,200 வரை 50 விழுக்காடும், 1,800 வரை 75 விழுக்காடும், அதற்கு மேல் 100 விழுக்காடும் ஏற்றினார்கள். காலிமனை வரி தனி. தண்ணீரும் சாக்கடையும் சாலையும் வந்து சேரும் வரை பழைய வரியே தொடர வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

தேவிபட்டினம், வழக்கறிஞர் எழுத்தர்: கிராம சபையில் தீர்மானம் போட்டால் இணைப்பைத் தடுக்க முடியுமா?

தீர்மானம் மட்டும் அரசைக் கட்டுப்படுத்தாது. மகாராட்டிரத்தின் கல்யாண் மாநகராட்சி வழக்கில், எல்லை மாற்றம் சட்டமியற்றலின் தன்மை கொண்டது; சட்டம் சொன்ன நடைமுறைக்கு மேல் தனியாக ஒவ்வொருவரையும் விசாரிக்க வேண்டியதில்லை என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே சட்டம் சொன்ன நடைமுறையை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வரைவு அறிவிக்கை வந்ததும், குறித்த நாளுக்குள், உங்கள் ஊரின் தொழில், குடியிருப்பு நெருக்கம், நகரத்துக்குள்ள தொலைவு ஆகியவற்றைக் கணக்கோடு எழுதி ஆட்சேபம் கொடுங்கள். உணர்ச்சியோடு எழுதிய நூறு மனுக்களைவிட, வரைபடமும் கணக்கும் இணைத்த ஒரு மனுவுக்கு அலுவலகத்தில் பதில் எழுதியாக வேண்டும். நான் அந்த மேசையில் இருந்தவன்.

பெரியபட்டினம், முன்னாள் ஊராட்சி வார்டு உறுப்பினர்: இணையாமலே குப்பைக்கும் தண்ணீருக்கும் வழி இல்லையா? பதவியில் பாதி இடம் பெண்களுக்கு என்று வந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்கள் உள்ளே வந்தோம்.

வழி உண்டு சகோதரி, அது நம் கண்முன்னே ஓடிக்கொண்டும் இருக்கிறது. நாம் குடிக்கும் காவிரித் தண்ணீர் திருச்சிப் பக்கத்தில் எடுக்கப்பட்டு, புதுக்கோட்டை, சிவகங்கை வழியாக நம் கடற்கரை வரை வருகிறது. நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று நூற்றுக்கணக்கான உள்ளாட்சிகள் அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் பங்கு பெறுகின்றன. அதற்காக எந்த ஊரும் தன் மன்றத்தைக் கலைக்கவில்லை. குழாய் உடைப்பும் நீர்ப் பங்கீட்டில் குறையும் அதில் நிறைய உண்டு என்றாலும், பெரிய வேலையைச் சேர்ந்து செய்து சிறிய முடிவுகளை ஊரிலேயே எடுக்கலாம் என்பதற்கு அது சான்று. அதே போலப் பெரியபட்டினமும் அக்கம்பக்கத்து ஊராட்சிகளும் சேர்ந்து ஒரே உரக்கிடங்கு, ஒரே கழிவுநீர் உறிஞ்சும் லாரி, ஒரே பொறியாளர் என்று வைத்துக்கொள்ளலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் பவளப்பாறைகளையும் காக்க, கரையோர ஊர்கள் எல்லாம் குப்பையைக் கடலில் சேராமல் தடுத்தாக வேண்டும். எல்லையை அழிக்காமலே அதைச் செய்யலாம்.

நீங்கள் சொன்ன பெண்கள் விஷயம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இட ஒதுக்கீடு நகராட்சியிலும் பாதிதான். ஆனால் பல ஊராட்சிகள் ஒரு நகராட்சியானால் மொத்த இடங்களின் எண்ணிக்கையே சுருங்கும். தேர்தல் செலவும் கூடும். இன்னோர் இழப்பும் உண்டு. இணைப்பு என்றால் வார்டு மறுவரையறை, மறுவரையறை என்றால் தேர்தல் தாமதம். தமிழக நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எவரும் இல்லை. தனி அலுவலர்களே நடத்தினார்கள். நம் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலமும் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்களிடம் போனது. தனி அலுவலர் நல்லவராக இருக்கலாம், நானும் அப்பொறுப்பில் இருந்தவன்தான். ஆனால் இரவில் தண்ணீர் வராவிட்டால் அவர் வீட்டுக் கதவை எவரும் தட்ட முடியாது; உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்கள்.

மண்டபம், கல்லூரி மாணவி: இணைந்தால் பட்டா, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் ஊர்ப் பெயரை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். பட்டாவில் இருப்பது வருவாய்க் கிராமத்தின் பெயர். அதுவும் வட்டமும் உள்ளாட்சி எல்லையோடு மாறுவதில்லை. ஏற்கெனவே வழங்கிய சான்றிதழ்கள் அப்படியே செல்லும். வரி ரசீதில் மட்டும் புதிய கணக்கு எண் வரும். பழைய ரசீதுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.