எல்சாட் தேர்வை ஜூனில் எழுதுவதா, செப்டம்பருக்குத் தள்ளுவதா?

கேள்வி: அமெரிக்காவில் கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வரும் செப்டம்பரிலிருந்து சட்டக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கத் திட்டம். அதற்கான நுழைவுத் தேர்வான எல்சாட்டில் (LSAT) எனக்கு 166 வேண்டும், பயிற்சித் தேர்வுகளில் 160 பக்கம் வருகிறது. எல்சாட்டை ஜூனில் எழுதவா, செப்டம்பர் வரை பொறுக்கவா?

பதில்:

இன்றைய நிலையில் ஜூனில் எழுதாதீர்கள். 160 வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் தேர்வு நாளில் மட்டும் 166 வந்துவிடாது. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், நான் அப்படி நம்பி உட்கார்ந்தவள்.

2022 ஜூனில் எழுதினேன். அதற்கு முன் எடுத்த கடைசி ஐந்து பயிற்சித் தேர்வுகளில் வந்தது 161, 158, 163, 159, 160. என் மனதில் நின்றது அந்த 163 மட்டும்தான். "அன்றைக்குத் தூங்கி எழுந்து தெளிவாக இருந்தேன், அதுதான் என் உண்மையான மதிப்பெண், மற்ற நாளெல்லாம் களைப்பு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மே மாதம் முழுக்க செமஸ்டர் தேர்வுகள் வேறு, எல்சாட் புத்தகத்தைத் தொட்டது எண்ணி பத்து நாள் இருக்கும். ஆனாலும் பணம் கட்டியாயிற்று, வீட்டில் சொல்லியாயிற்று, போய் எழுதினேன். 159 வந்தது. ஐந்து மதிப்பெண்களையும் கூட்டி வகுத்திருந்தால் 160 என்று முன்பே தெரிந்திருக்கும்.

அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது கடைசி ஐந்து முழுத் தேர்வுகளின் சராசரியை. முழுத் தேர்வு என்றால் 35 நிமிடப் பிரிவுகள் நான்கு, நடுவில் ஒரே ஒரு 10 நிமிட இடைவேளை, ஃபோன் அடுத்த அறையில். ஒரு பிரிவை இன்றைக்கும் மற்றொன்றை நாளைக்கும் போட்டுக் கூட்டினால் அது கணக்கில் சேராது, மூன்றாவது பிரிவில் வரும் சோர்வுதான் உண்மையில் மதிப்பெண்ணைத் தின்கிறது. அந்தச் சராசரி 165, 166 வந்துவிட்டால் எந்த மாதமாக இருந்தாலும் எழுதுங்கள். ஜூன் தேர்வுக்குப் பதிவு ஒரு மாதத்துக்கும் மேல் முன்பே முடிந்துவிடும், ஆகவே இந்தக் கணக்கை ஏப்ரலிலேயே போட்டுவிட வேண்டும்.

அப்புறம் நாட்காட்டி. பெரும்பாலான கல்லூரிகள் செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம் வாங்க ஆரம்பித்து, வர வரப் பார்த்து இடம் கொடுத்துக்கொண்டே போகும். கடைசித் தேதி பிப்ரவரி, மார்ச் என்று போட்டிருந்தாலும் அதற்குள் இடமும் ஸ்காலர்ஷிப் பணமும் நிறையக் கரைந்திருக்கும். மதிப்பெண் வர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். எனவே ஆகஸ்ட், செப்டம்பர் என்றால் நல்லது, அக்டோபரும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, நவம்பர் வரைகூடச் சமாளிக்கலாம். ஜனவரிதான் என்ற நிலை வந்தால், என் கருத்தில், அந்த வருடத்தை விட்டுவிட்டு அடுத்த செப்டம்பரில் முதல் ஆளாக விண்ணப்பிப்பது மேல். ஒரு வருடம் போகிறதே என்று பயம் வரும், தெரியும். ஆனால் எல்சாட் மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும். தகுதி அடிப்படையிலான ஸ்காலர்ஷிப்பில் இந்த மதிப்பெண்ணுக்குத்தான் பெரிய பங்கு. சட்டக் கல்லூரிகள் தங்கள் சேர்க்கை விவரங்களோடு ஆண்டுதோறும் வெளியிடும் 509 அறிக்கையை எடுத்து, நீங்கள் நினைக்கும் கல்லூரியின் நடு மதிப்பெண் என்ன என்று பாருங்கள். அதற்கு இரண்டு புள்ளி கீழே இருப்பதும் இரண்டு புள்ளி மேலே இருப்பதும் மூன்று வருடக் கட்டணத்தில் பெரிய வித்தியாசமாகத் தெரியும்.

இன்னொன்று, முதல் முயற்சிக்கும் விண்ணப்பத்துக்கும் நடுவில் ஒரு மறுமுயற்சிக்காவது இடம் விடுங்கள். கல்லூரிகள் பெரும்பாலும் அதிகபட்ச மதிப்பெண்ணைத்தான் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் ஐந்து வருடத்துக்குள் ஐந்து முறை, வாழ்நாளில் ஏழு முறை என்று வரம்பு உண்டு, அதனால் "சும்மா ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்" என்று போகாதீர்கள். அதற்குப் பழைய வினாத்தாள்கள் இருக்கின்றன.

நான் அக்டோபரில் திரும்ப எழுதி 167 எடுத்தேன். கோடையில் நான் போட்ட தேர்வுகள் முன்னைவிடக் குறைவு, தப்பான கேள்விகளோடு உட்கார்ந்த நேரம் அதிகம். ஒரு நோட்டில் ஒவ்வொரு தவறுக்கும் இரண்டு வரி: இதை ஏன் தேர்ந்தெடுத்தேன், சரியானதை ஏன் தள்ளினேன். உதாரணத்துக்கு இப்படி ஒரு கேள்வி: ஒரு சாலையில் விளக்கு போட்டார்கள், விபத்து குறைந்தது, எனவே விளக்குதான் விபத்தைக் குறைத்தது. இந்த வாதத்துக்குக் கட்டாயம் தேவையான அனுமானம் எது? நான் "எல்லா விபத்துக்கும் இருட்டுதான் காரணம்" என்ற விடைக்குப் போவேன், பலமாக ஒலிக்கிறதே என்று. சரியான விடை "விபத்து குறைந்ததற்கு வாகனங்கள் குறைந்தது மட்டுமே காரணமல்ல" என்று அடக்கமாக ஓரத்தில் நிற்கும். இதே தவறை நோட்டில் பதினோராவது முறை எழுதியபோதுதான் கை நின்றது. அது பிடிபட எனக்கு ஏழு வாரம் ஆனது, அந்த ஏழு வாரம் ஜூனுக்கு முன்னால் என்னிடம் இல்லை.

நான் எழுதியபோது லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பிரிவு இருந்தது. 2024 ஆகஸ்டிலிருந்து அது எடுக்கப்பட்டு, இப்போது மதிப்பெண்ணுக்கு இரண்டு தர்க்கப் பிரிவும் ஒரு வாசிப்புப் பிரிவும்தான், நான்காவது பிரிவு மதிப்பெண்ணில் சேராது. எனவே மேலே சொன்ன நோட்டு உங்களுக்கு என்னைவிட அதிகம் உதவும்.

சரி, கடைசியாக ஒரு சின்ன விஷயம். முதல்முறை எழுதுபவர்கள் கட்டுரைப் பகுதியையும் முடித்து அது ஏற்கப்பட்டால்தான் மதிப்பெண் வெளியாகும். என்னோடு எழுதிய தோழி அதை மறந்துவிட்டாள், எங்களுக்கெல்லாம் முடிவு வந்த காலையில் அவள் திரையில் மட்டும் ஒன்றும் இல்லை. கட்டுரைப் பகுதி தேர்வுக்கு எட்டு நாள் முன்பே திறந்துவிடும், அந்த வாரமே உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.