சட்டம் இருக்கும்போது சாதிவாரித் தரவு எதற்கு?

தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆவது பிரிவே ஒழித்துவிட்ட பிறகு, சாதிவாரியாகத் தரவு திரட்டுவது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் மதுரை மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளில் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால் போட்டியிட ஆளில்லாமலும், வென்றவர் உடனே விலகியும் பத்தாண்டுகள் கழிந்து, 2006இல்தான் முறையான தேர்தல் நடந்தது. ஒதுக்கப்பட்ட இடங்களை மட்டும் எண்ணினால் இது வெற்றிக் கணக்கில் சேரும். தலைவர் பதவியில் நீடித்த நாட்களை எண்ணினால்தான் உண்மை தெரியும். ஆகவே எதை எண்ணுகிறோம் என்பதே முதற்கேள்வி.

உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதம் இடிக்கப்பட்டது. குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இத்தகைய சுவருக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. நேரடியாகக் கேட்டால் மக்கள் மறைப்பார்கள் என்பதும் முழு உண்மையன்று: 2011–12இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில், ஏறத்தாழ 27 விழுக்காட்டுக் குடும்பங்கள் தீண்டாமை பார்ப்பதாகத் தாமே ஒப்புக்கொண்டன.

ஓர் எச்சரிக்கை மட்டும்: ஒரு சாதியில் மூன்றே வீடுகள் உள்ள சிற்றூரின் விவரத்தைத் தெருவாரியாக வெளியிட்டால், பெயர் இல்லாமலே ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள்.