வொட்ச்சில எச்ஆர்வி ஏறினா வாப்பாக்கு சுகமாகிட்டா?

அக்கரைப்பத்தில இரிந்து ஒரு தங்கச்சி எழுதிரிக்கா. வாப்பாக்கு 64 வயசு, போன வருசம் ஹார்ட் அட்டாக், மறுகா ஹார்ட் ஃபெயிலியர் (நெஞ்சு ரத்தத்தத் தள்ளுற பலம் குறைஞ்சு போறது), எக்கோவில ஈஎஃப் 30, அதாவது ஒரு அடிக்கு நெஞ்சுக்குள்ள உள்ள ரத்தத்தில நூத்துக்கு 30தான் வெளிய போகுது. கட்டார்ல இரிக்கிற காக்கா ஸ்மார்ட் வொட்ச் ஒண்டு அனுப்பிரிக்கார். அதில எச்ஆர்வி (நெஞ்சடிகளுக்கு இடையில நேரம் எவ்வளவு கூடிக்குறையுது எண்ட கணக்கு) மூணு மாசமா 20, 22 எண்டு கிடந்திச்சாம், ரெண்டு கிழமையா 95, 110 எண்டு காட்டுதாம். "50க்குக் கீழ எண்டா ஆபத்து எண்டு நெட்டில பாத்து அழுத நாங்க, இப்ப கூடிட்டு, அப்ப சுகமாகிட்டா? இதுக்குள்ள ஒரு ஆள் வீட்ட வந்து விரல்ல கிளிப் மாட்டி டெஸ்ட் எடுத்து 18,500 ரூவாக்கு கெப்சூல் தந்திட்டுப் போயிரிக்கார், குடுக்கவா?"

கெப்சூல் குடுக்காதீங்க. சுகமாகிட்டு எண்டும் நினைக்காதீங்க. நாளைக்கே ஒரு ஈசிஜி எடுங்க. அவசரமான ஆக்கள் இதோட நிப்பாட்டலாம், ஏன் எண்டு கேக்கிறவங்க வாசிங்க.

நெஞ்சு நிமிசத்துக்கு 60 தரம் அடிக்குது எண்டா செக்கனுக்கு ஒண்டு எண்டு அளந்து அடிக்கிறல்ல. ஒரு இடைவெளி 980 மில்லிசெக்கன் வரும், அடுத்தது 1,030, மத்தது 1,010. மூச்சு இழுக்கக்க கொஞ்சம் வேகமாகும், விடக்க ஆறுதலாகும். இந்தக் கூடக்குறையத்தான் எச்ஆர்வி எண்டுறாங்க. நல்ல நெஞ்சில இது தாராளமா இரிக்கும். ஹார்ட் ஃபெயிலியர்ல நெஞ்சு களைச்சுப் போறதால உடம்பு பயந்து அத விரட்டிக்கிட்டே இரிக்கும், கல்முனை ரோட்டில முன்னுக்குப் போற பஸ்ஸப் புடிக்க ஓடுற பஸ்காரன் எக்ஸிலேட்டர்ல இரிந்து கால எடுக்காத மாதிரி. அதால கூடக்குறைய இல்லாமப் போகும், நம்பர் விழும்.

அந்த 50 எங்க இரிந்து வந்த எண்டு கேளுங்க. அது 24 மணித்தியாலம் நெஞ்சில வயர் ஒட்டி, ஹொல்ட்டர் மெசின இடுப்பில கட்டி, நித்திரை நடை சாப்பாடு எல்லாத்தையும் சேத்து எடுக்கிற எஸ்டிஎன்என் எண்ட கணக்கு. 1998ல பிரிட்டன்ல 433 ஹார்ட் ஃபெயிலியர் ஆக்கள இப்பிடிப் பாத்தாங்க. 100க்கு மேல இரிந்தவங்கள்ள வருசத்துக்கு நூத்துக்கு அஞ்சாறு பேர்தான் மௌத்தானாங்க, 50க்குக் கீழ உள்ளவங்கள்ள பாதிக்குப் பாதி. பயமான கணக்குத்தான், இல்ல எண்டு சொல்லல்ல. ஆனா நெஞ்ச ஆறுதலா அடிக்க வைக்கிற பீட்டா புளொக்கர் குளிசை ஹார்ட் ஃபெயிலியருக்கு நல்லம் எண்டு பெரிய ஆராய்ச்சிகள் ரெண்டு வந்ததே அடுத்த வருசம், 1999ல. உங்கட வாப்பா மாதிரி ஆக்களுக்கு இப்ப குடுக்கிற அந்தக் குளிசை அந்த 433 பேர்ல கனபேருக்குக் கிடைக்கல்ல. மத்தது வொட்ச் எடுக்கிறது கைமணிக்கட்டில பச்சை லைட் அடிச்சு சில நிமிசத்துக்கு எடுக்கிற கணக்கு, கம்பனிக்குக் கம்பனி கணக்குப் போடுற விதமும் வேற. சில நிமிசத்துக் கணக்க 24 மணித்தியாலக் கணக்கோட ஒப்பிட்டா பெரும்பாலும் குறையத்தான் காட்டும். அந்த மூணு மாசமும் நீங்க சும்மா அழுதிரிக்கீங்க தங்கச்சி.

இப்ப முக்கியமான இடம், ஆறுதலா வாசிங்க. எச்ஆர்விக்கு ஒரு நிபந்தனை இரிக்கு, நெஞ்சு அதுட சொந்தத் தாளத்தில அடிக்கணும். ஹார்ட் ஃபெயிலியர் ஆக்களுக்கு அடிக்கடி வாற ஒரு பிரச்சினை ஏட்ரியல் ஃபிப்ரிலேசன், மேலறை நடுங்கிக்கிட்டு இரிக்கும், அடி ஒரு தாளமும் இல்லாம விழும். கூடக்குறைய எவ்வளவு எண்டு மட்டும் எண்ணுற மெசினுக்கு இது சந்தோசமான சமாச்சாரம், இடைவெளி எல்லாம் தாறுமாறா இரிக்க நம்பர் எகிறும். அதாவது உங்கட வாப்பாட 110 நல்ல செய்தியா இல்லாம அவருட தாளமே குழம்பின செய்தியா இரிக்கலாம். ஏட்ரியல் ஃபிப்ரிலேசன்ல மேலறைக்குள்ள ரத்தம் கட்டி, அந்தக் கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம். அதுக்குத்தான் ரத்தத்தை இளக்குற குளிசை தாறது, அதையும் ஈசிஜி பாத்த டொக்டர் எழுதணும், பாமசில கேட்டு வாங்கிக் குடுக்கிற சாமான் இல்ல. இடைக்கிடை துள்ளி விழுற கள்ள அடி கூட இரிந்தாலும் நம்பர் இப்பிடித்தான் ஏறும்.

நான் ஒரு ஆஸ்பத்திரில வேலை செஞ்ச காலத்தில ஒரு ஐயாட ஹொல்ட்டர் ரிப்போட் வந்திச்சு, முதல் பக்கத்தில எஸ்டிஎன்என் 168. மகன் அதப் ஃபோட்டோ எடுத்து குடும்பத்துக்கெல்லாம் அனுப்பி, கோழி வாங்கிச் சமைச்சும் சாப்பிட்டிரிக்காங்க. நான் உள்ளுக்கு அடிய ஒவ்வொண்டா பாத்தா முழு நாளும் ஏட்ரியல் ஃபிப்ரிலேசன், மெசின் தானாப் போட்ட கணக்க ஒருத்தரும் திருத்தாம பிரிண்ட் எடுத்துக் குடுத்திரிக்காங்க. அண்டைக்கு எனக்கு வந்த கோவம் இன்னும் போகல்ல. ஹொல்ட்டருக்கு மாசக்கணக்கில திகதி, கிளினிக்ல ஆளுக்கு ரெண்டு நிமிசம், இருக்கிற ரெண்டு மெசின்ல ஒண்டுட வயர் அறுந்து கிடக்கு, இந்த லெச்சணத்தில ரிப்போட்ட உக்காந்து வாசிக்க ஆருக்கு நேரம்.

வீட்டில ஒரு சோதினை செய்யலாம். வாப்பாவ பத்து நிமிசம் உக்கார வச்சிட்டு, பெருவிரல் பக்கமா மணிக்கட்டில உங்கட மூணு விரல வச்சு ஒரு முழு நிமிசம் பாருங்க. நெல்லுக் குத்துற உலக்கை மாதிரி ஒழுங்கா விழுதா, இல்லாட்டி தகரக் கூரையில மழைத்துளி விழுற மாதிரி வாறதும் நிக்கிறதுமா இரிக்கா? ரெண்டாவது மாதிரி எண்டா அடுத்த கிளினிக் நாள் வரட்டும் எண்டு இரிக்காதீங்க. மாதிரி எப்பிடி இரிந்தாலும் ஈசிஜி கட்டாயம் எடுங்க, விரல் தவறும்.

அந்த கெப்சூல் ஆளப் பத்தி. விரல்ல கிளிப் மாட்டி மூணு நிமிசத்தில "ஹார்ட் ஏஜ் 84" எண்டு கலர்ல பிரிண்ட் எடுத்துத் தாறவங்க நம்மட பக்கம் இப்ப கூடிட்டாங்க. அவருட மெசினுக்கு வாப்பாட தாளம் தெரியா, என்ன குளிசை குடிக்கிறார் எண்டும் தெரியா. கெப்சூலுக்குள்ள என்ன எண்டு டப்பாவிலயும் ஒழுங்கா இல்ல. அதவிடக் கேடு, பிசோப்ரோலோல் எண்ட பீட்டா புளொக்கரப் பத்தி இவங்க கனபேர் "பிசோப்ரோலோல் நெஞ்ச மெதுவாக்குது, அத நிப்பாட்டினா எச்ஆர்வி கூடும்" எண்டு சொல்லுறாங்க. பச்சைப் பொய். ஹார்ட் ஃபெயிலியர்ல அந்தக் குளிசை எக்ஸிலேட்டர்ல இரிந்து கால எடுக்க வைக்குது, எச்ஆர்வி அதால கூடுது எண்டுதான் ஆராய்ச்சியில கண்டிரிக்காங்க. திடீரெண்டு நிப்பாட்டினா ஆள் ஈடியூல (அவசர சிகிச்சைப் பிரிவில) கண் முழிக்க வேண்டி வரலாம். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் குடுக்கிற பாமசிக்காரரும் இவங்களுக்குக் குறைஞ்சவங்க இல்ல, அது உப்பையும் தண்ணியையும் உடம்புக்குள்ள நிப்பாட்டி வைக்கும்.

எச்ஆர்விய வச்சு வாப்பாட குளிசை ஒண்டையும் டொக்டர் கூட்டப் போறதும் இல்ல, குறைக்கப் போறதும் இல்ல. 18,500க்கு ஒரு நல்ல நிறை பாக்கிற தராசு வாங்கி மிச்சக் காசும் கையில இரிக்கும். காலையில மூத்திரம் போனபுறகு, தேத்தண்ணிக்கு முந்தி, ஏறி நிண்டு எழுதி வைக்கட்டும். மூணு நாளைக்குள்ள ரெண்டு கிலோவுக்கு மேல கூடினா தண்ணி சேருது, அண்டைக்கே காட்டுங்க. படுத்தா மூச்சு முட்டுது, தலை சுத்தி விழப் பாத்தார், ஒரு பக்கம் கை கால் இழுக்குது, பேச்சு குழறுது எண்டா 1990க்கு அடிங்க, வொட்ச்சத் தேடாதீங்க.

நாளைக்கு ஓபிடில போய், "ஹார்ட் ஃபெயிலியர் ஆள், தாளம் குழம்பின மாதிரி இரிக்கு, ஈசிஜி வேணும்" எண்டு இந்தச் சொல்லிலயே கேளுங்க. வொட்ச்சில 110 எண்டு துவங்கினா சிரிச்சு அனுப்பிருவாங்க, எனக்குத் தெரியும். எடுக்க அஞ்சு நிமிசம். அந்தத் துண்ட அவங்க வச்சிக்கிட்டா ஃபோட்டோ எடுங்க, தந்தா கிளினிக் கொப்பிக்குள்ள வச்சிட்டும் ஃபோட்டோ எடுங்க, அந்தப் பேப்பர் சூட்டுக்கு மங்கிப் போற சாதி, காலம் போகப் போக வெள்ளைத் தாள்தான் மிஞ்சும்.